ஜன்னல் பெட்டிக்குத் தடவிய பசை

அட்டைப் பெட்டிக்கு ஜன்னல் வைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அட்டையில் ஓட்டை போட வேண்டும், உள்பக்கம் கண்ணாடிப் பேப்பரை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் கள்ளக்குறிச்சியில் அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன். நடந்ததற்கெல்லாம் அந்த ஆட்டம்தான் காரணம்.

பிச்சைமுத்து முதலாளியின் அட்டைப்பெட்டிப் பட்டறையில் நான் மாஸ்டர். பெயர் தமிழரசன், அப்போது வயது இருபத்தெட்டு. புடவைப் பெட்டி, செருப்புப் பெட்டி, ஊதுபத்திப் பெட்டி, எது வந்தாலும் அளவெடுத்து வரைவதும் வெட்டுவதற்கு டை செய்வதும் என் வேலை. டை என்றால் ஒரு பலகை. அதில் பெட்டியின் வடிவத்துக்குக் கோடு அறுத்து, கோட்டுக்குள் இரும்புப் பிளேடை வளைத்துச் செருக வேண்டும். சின்னதுரை அதை மெஷினில் மாட்டி அட்டையை வெட்டித் தள்ளுவான். பசை காய்ச்சுவதும் தடவுவதும் ஒட்டுவதும் இருசம்மாள்.

இருசம்மாள் காலனியிலிருந்து நடந்து வருவார். நடவு, களை என்று வெயிலில் கிடந்தவர், முட்டி வலி வந்த பிறகு எங்களிடம் சேர்ந்தார். என் அம்மா வயது இருக்கும். நான் அவரை “இருசம்மா, வா, போ” என்பேன். அவர் என்னை “மாஸ்டரு, வாங்க, போங்க” என்பார். அது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

அந்த ஆவணியில் கச்சிராயபாளையத்து அய்யனார் பட்டறைக்கு வந்தார். கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு வைத்திருந்தவர். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு ஏற்றியது போக மிச்சத்தைத் தானே ஆலையாட்டி அச்சு வெல்லம் பிடிப்பார். எங்கள் ஆள்தான், தூரத்து உறவும்கூட.

“மாப்ள, வெல்லத்த எல்லாரும் கோணியில போட்டு விக்கறான். நான் தீவாளிக்குப் பாண்டிச்சேரி கடைங்களுக்கு டப்பாவுல அனுப்பப் போறேன். ஆனா ஒண்ணு, தொறந்து பாக்காம எவனும் வெல்லம் வாங்க மாட்டான். தொறக்காமயே பாக்கற மாரி இன்னாவாச்சும் பண்ணு” என்றார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். புடவைப் பெட்டிக்குச் சதுர ஜன்னல் வைத்திருக்கிறேன். புடவை சும்மா படுத்துக் கிடக்கும், எந்த ஜன்னலும் போதும். வெல்லம் அப்படியில்லை. ஐந்து ஐந்தாக மூன்று வரிசை நிற்க வேண்டும், ஒன்றின் தலையாவது தெரிய வேண்டும், பெட்டியைச் சாய்த்தால் உருளக் கூடாது. முதலில் சதுரம் போட்டுப் பார்த்தேன், ஜெயில் மாதிரி இருந்தது. வட்டம் போட்டேன், ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டர் மாதிரி இருந்தது.

அப்புறம் அய்யனார் நிலத்துக்குப் போயிருந்தபோது தலையைத் தூக்கிப் பார்த்தேன். கல்வராயன் மலை. ஜன்னலின் மேல் ஓரத்தை அப்படியே மலை மாதிரி வெட்டினால் என்ன? மூன்று மேடு, இரண்டு பள்ளம். அந்த மலைக்குக் கீழே வெல்லம் வரிசையாகத் தெரியும். பிளேடை அந்த வளைவுக்கு வளைக்க இரண்டு நாள் ஆனது. விரலில் மூன்று இடத்தில் வெட்டு. ஆனால் முதல் பெட்டி மடித்து நிமிர்ந்தபோது முதலாளியே எழுந்து வந்து பார்த்தார். சின்னதுரை விசில் அடித்தான்.

ஒரே ஒரு சிக்கல். சதுர ஜன்னலுக்குச் சுற்றி விரல் அகலம் பசை தடவினால் கண்ணாடிப் பேப்பர் ஒட்டிக்கொள்ளும். மேடு பள்ளத்தில் அது நிற்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிக்கொண்டது.

“பசைய அள்ளித் தடவு இருசம்மா” என்றேன்.

“எவ்ளோங்க?”

“ரெண்டு வெரக்கடை. வழிஞ்சாலும் பரவால்ல, உள்பக்கம்தான, எவன் பாக்கப் போறான்.”

இருசம்மாள் அள்ளித் தடவினார். ஆயிரத்து இருநூறு பெட்டி. மேடும் பள்ளமும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டன. பெட்டிகளை டிராக்டரில் ஏற்றி அனுப்பியபோது பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பியவன் மாதிரி வாசலிலேயே நின்றிருந்தேன்.

பெட்டி போன ஒரு வாரத்தில் சாலை மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ஒரு வண்டி ஓடக்கூடாது என்று எங்கள் சாதிச் சங்கம் சொல்லியிருந்தது, ஓடவில்லை. தென்னாற்காடு முழுக்கச் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நாய் படுத்திருந்தது. எனக்குப் போராட்டத்தில் சங்கடம் ஒன்றும் இல்லை. என் தம்பி மூன்று வருஷமாகப் பாலிடெக்னிக்குக்கு மனுப் போட்டுவிட்டு மாடு ஓட்டிக்கொண்டிருந்தான். கேட்டது நியாயம் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான். ஆனால் அந்த வாரம் அங்கங்கே காலனிக் குடிசைகள் எரிந்ததாகவும் பேச்சு வந்தது. அது எந்த நியாயத்தில் சேரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறியலின் நான்காம் நாள் பட்டறையில் வேலை இல்லை. அலமாரியைத் துடைத்தேன். அய்யனார் வெல்லம் போட்டுக் கொடுத்துவிட்டிருந்த மாதிரிப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. கையில் எடுத்து வழக்கம்போல ரசித்தேன். மலை ஓரத்துக்குக் கீழே, மேல் வரிசை வெல்லத்தின் தலையில், பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை.

திறந்தேன். மழைக்காலத்தில் வெல்லம் வேர்க்கும். வேர்த்த வெல்லம் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய இடமெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கரைந்து கீழே வழிந்திருந்தது.

வெளியே அடுப்படியில் உட்கார்ந்திருந்த இருசம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இன்னா இது?”

அவர் பெட்டியை வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார். “துத்தங்க. மயில்துத்தம். பசையில போடறதுதான. மழைக்குக் கரப்பான் ஜாஸ்தி, அட்டைய அரிச்சிப்புடுது. அதான் ரெண்டு கை கூடப் போட்டேன்.” பிறகு அவருடைய முகம் மாறியது. “உள்ள இருக்கறது இன்னாங்க?”

“வெல்லம்.”

“தின்ற வெல்லமா?”

பெட்டியின் நான்கு பக்கமும் ‘அச்சு வெல்லம்’ என்று விரல் நீளத்துக்கு எழுதியிருக்கிறது. நான் எழுதியதுதான். இருசம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆயிரத்து இருநூறு பெட்டியைக் கையால் தொட்டு ஒட்டியவருக்கு அதற்குள் என்ன வைக்கப் போகிறார்கள் என்று தெரியாது. இது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

மைதா பசையில் மயில்துத்தம் போடுவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். பூச்சி வராது. புடவைப் பெட்டியில் பசை இரண்டு அட்டைக்கு நடுவே போய்விடும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஜன்னல் வைத்தால்தான் பசை உள்ளே வருகிறது. அதுவும் மலை மாதிரி ஜன்னல் வைத்தால் அள்ளிக்கொண்டு வருகிறது.

“போன வருசம் பசச் சட்டிய நக்குன நாயி ரெண்டு நாளு வாந்தி எடுத்துக்கினே கெடந்து செத்துச்சுங்க” என்றார் இருசம்மாள். “வெளிய தெரிஞ்சா எங்க தெருவ வெச்சிருக்க மாட்டாங்க.”

முதலாளியிடம் ஓடினேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“இப்ப எதுக்குக் குதிக்கற? ரோட்டுல மரம் கெடக்குது. லாரியே வரல, பெட்டி எங்க போவப் போவுது? மறியல் முடியட்டும், நானே ஆள் அனுப்பித் திருப்பி எடுத்தாந்துடறேன். அந்தப் பொம்பளய நாளையிலேர்ந்து வர வாணாம்னு சொல்லிடு. யாராவது கேட்டா, தப்புப் பண்ணவள நிறுத்திட்டோம்னு சொல்லிக்கலாம்.”

நான் “சரிங்க” என்றேன். தப்பு யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போது காது சுடுகிறது.

வெளியே வந்தால் சின்னதுரை நிற்கிறான். அவனுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் ஊர். விடியற்காலையில் கிளம்பி நடந்தே வந்திருந்தான்.

“மாஸ்டர், உங்க பெட்டிக்கு அங்க செம மவுசு! லாரி வராதுன்னு தெரிஞ்சதும் அய்யனாரு இன்னா சொன்னாரு தெரியுமா? நம்ம சனம் நாலு நாளா ரோட்டுல கெடக்குது, பாண்டிச்சேரிக்காரன் தின்றத இவங்க தின்னட்டும்னு சொல்லிட்டாரு. மத்தியானம் மறியல்ல எல்லாத்துக்கும் ஆளுக்கொரு பெட்டி. பசங்க இப்பவே வரிசையில நிக்குதுங்க.”

மறியல் வெல்லத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். மறியல்தான் அதை நேராக வாயருகே கொண்டுபோயிருந்தது.

சைக்கிளை எடுத்தேன். இருசம்மாள் பட்டறை வாசலில் நின்று பார்த்தார்.

பதினைந்து கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் ஒரு மணி நேரம். அன்றைக்கு இருபது அடிக்கு ஒரு மரம். சைக்கிளைத் தோளில் தூக்கி ஏறி இறங்கி, பாதி வழியில் ஒரு முட்புதரில் போட்டுவிட்டு ஓடினேன். ஒவ்வொரு மரத்தடியிலும் பத்துப் பேர். “எந்த ஊரு? யாரு புள்ள?” அப்பா பேரைச் சொன்னதும் வழி விட்டார்கள். ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். இதே கேள்வியை இருசம்மாளிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓடும்போதே தோன்றியது.

என்ன சொல்லப் போகிறோம் என்பதுதான் பெரிய பயம். துத்தம் என்று சொன்னால் வெல்லத்தை விட்டுவிடுவார்கள். அடுத்த நிமிஷம் பசை காய்ச்சியது யார் என்று கேட்பார்கள். அந்த வாரத்தில், அந்தக் கூட்டத்தில், போராட்டத்துக்கு உட்கார்ந்தவர்கள் தின்ன இருந்த வெல்லத்தில் காலனிக்காரி விஷம் வைத்தாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அதனால் ஒரு பொய்யை யோசித்து வைத்துக்கொண்டேன். வெல்லம் புளித்துவிட்டது, மழை ஈரம் ஏறிவிட்டது என்று சொல்வோம். எல்லாரும் கீழே போட்டுவிடுவார்கள். நல்ல பொய் என்றுதான் நினைத்தேன்.

ஊர் முகப்பில் ரோட்டை அடைத்துக்கொண்டு முந்நூறு பேர் இருப்பார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம். நடுவே டிராக்டர் டிப்பர், அதில் என் பெட்டிகள். வெயிலில் ஆயிரத்து இருநூறு மலையும் பளபளத்தன. அய்யனார் டிப்பர் மேல் நின்று குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பத்திருபது பேர் கையில் பெட்டி. சிலர் இன்னும் திறக்காமல் ஜன்னல் வழியாகக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா! குடுக்காதீங்க! வெல்லம் கெட்டுப்போச்சு!”

மூச்சு வாங்கக் கத்தினேன். கூட்டம் திரும்பியது.

அய்யனார் நிமிர்ந்தார். “இன்னாது?”

“ஈரம் ஏறி புளிச்சிப்போச்சு மாமா. பட்டறையில வெச்ச பெட்டியில பாத்தேன்.”

இந்த இடத்தில்தான் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று தெரிந்தது. முந்நூறு பேருக்கு முன்னால் ஒரு ஆலைக்காரரிடம் அவர் வெல்லம் கெட்டுவிட்டது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அய்யனார் சிரித்தார். கோபத்தில் வருகிற சிரிப்பு.

“என் வெல்லமா? எங்க அப்பன் காலத்துலேர்ந்து காய்ச்சறோம். எவனாச்சும் புளிச்சுதுன்னு சொல்லியிருக்கானா? அட்ட ஒட்டறவன் எனக்குச் சொல்ல வந்துட்டான். பாருங்கடா, எல்லாரும் பாருங்க.”

ஒரு பெட்டியைக் கிழித்தார். மேல் வரிசையில் ஒரு அச்சை எடுத்தார். அதன் தலையில் பச்சை இருந்தது எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பார்வை மங்கல். வாய்க்குக் கொண்டுபோனார். சும்மா இருந்த கூட்டமும், பெரியவரே தின்கிறாரே என்று பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தது.

டிப்பர் மேல் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவர் கையைத் தட்டிவிட்டேன். அச்சு ரோட்டில் போய் விழுந்தது.

“துத்தம்! மயில்துத்தம்! வெசம்! வாயில வெக்காதீங்க! கொழந்தைங்க கையிலேர்ந்து புடுங்குங்க!”

பெண்கள் பக்கம் ஓலம். பிள்ளைகளின் வாயில் விரலை விட்டுத் துழாவினார்கள். தின்றிருந்தவர்கள் மூன்று பேர், மூவரும் பெரியவர்கள். உப்புத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தார்கள், கக்கினார்கள். ஒருவருக்கு மட்டும் சாயங்காலம் வரை வயிறு பிடுங்கியது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் ஐந்தாறு பேர் என்னைக் கீழே இழுத்துச் சட்டையைப் பிடித்திருந்தார்கள்.

“துத்தம் எப்பிடிறா வந்துச்சு வெல்லத்துல?”

“பசையில. பெட்டி ஒட்டற பசையில.”

“பச காய்ச்சறது யாரு?” என்று ஒருவன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. “பிச்சைமுத்து பட்டறையில காலனிப் பொம்பள ஒருத்திதான கீது. எனக்குத் தெரியும்.”

கூட்டம் அந்த வார்த்தையைப் பற்றிக்கொண்டதைப் பார்த்தேன். பயத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவன் குனிந்து கீழே கிடந்த புளியங்கொம்பை எடுத்தான்.

“நான்தான் போட்டேன்” என்றேன்.

“நீயா?”

“நான்தான். பச காய்ச்ச ஆள் வரல, நானே காய்ச்சினேன். புடவைப் பெட்டி நெனப்புல கலந்துட்டேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

அய்யனார் டிப்பரிலிருந்து இறங்கி வந்தார். என்னை நேராகப் பார்த்தார். பிறகு ஒரு அறை விட்டார். காதில் ரொய்ங் என்றது. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியவர் அப்படியே இறக்கிவிட்டார்.

“எங்க ஆளாப் போயிட்ட. வேற எவனாவது இருந்தா இங்கயே பொதச்சிருப்பேன். போ” என்றார்.

கொம்பை எடுத்தவன் அதைக் கீழே போட்டான். அன்றைக்கே குழி வெட்டி ஆயிரத்து இருநூறு பெட்டியையும் மாடு வாய் வைக்காதபடி புதைத்தார்கள். அய்யனார் பாண்டிச்சேரிக் கடைகளுக்குச் சொன்ன வாக்கு, ஆடி மாதம் முழுக்க அவர் காய்ச்சிய வெல்லம், எல்லாம் மண்ணுக்குள் போயிற்று. என் மலையும் போயிற்று. அதற்கு அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இருசம்மாள் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். வரவேண்டாம் என்று முதலாளி சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. வெளியே நின்று கேட்ட சின்னதுரை சொல்லியிருந்தான்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். ஓடியது, டிப்பரில் ஏறியது, அறை வாங்கியது. கொஞ்சம் நிதானமாகவே சொன்னேன். அவருக்குக் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், “உனக்காக ஒரு பொய் சொன்னேன் இருசம்மா, துத்தம் போட்டது நான்தான்னு சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வருத்தமாகத்தான் பார்த்தார். ஆனால் அவர் கேட்டது வேறு.

“அது பொய்யாங்க?”

எனக்குப் புரியவில்லை.

“பதினோரு வருசமா துத்தம் போட்டுத்தான் பச காய்ச்சறேன். போடச் சொன்னதும் இந்தப் பட்டறதான். உள்ள வெல்லம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருப்பனா? எங்க வூட்லயும் புள்ளைங்க கீதுங்க. பசைய அள்ளித் தடவுன்னு சொன்னீங்க, தடவுனேன். நெசத்தத்தான சொல்லிட்டு வந்திருக்கீங்க. எனக்குன்னு இன்னா பொய்ய சொன்னீங்க?”

குரலை உயர்த்தவில்லை. வாங்க போங்க குறையவில்லை. பதினைந்து கிலோமீட்டர் விழுந்தடித்துப் போனதும், முந்நூறு பேர் முன்னால் பெரிய மனுஷனாக நின்றதும், அறை வாங்கியதும், வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்ததும் ஒரு நொடியில் சுருங்கிப்போயின. அவமானமாக இருந்தது. அய்யனார் அறைந்தபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை.

“ரோட்டுல சொன்னத மொதலாளிகிட்டயும் சொல்லிடுங்க. நான் வேலைக்கு வரணும்” என்றார் இருசம்மாள்.

ரோட்டில் சொல்வது சுலபம். உயிர் போகிற நேரத்தில் எவனும் சொல்லிவிடுவான். மின்விசிறி சுற்றும் அறையில், சம்பளம் கொடுக்கிறவர் முன்னால், யாரும் கழுத்தைப் பிடிக்காதபோது சொல்வது வேறு. உள்ளே போனேன். பிச்சைமுத்து முதலாளி மறியலில் அன்றைய பேப்பர் வராததால் பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொம்பளகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லீங்க. அவங்க மேல தப்பு இல்ல. தின்ற பண்டத்துக்குன்னு அவங்ககிட்ட நான் சொல்லல. பசைய ஜாஸ்தியாத் தடவச் சொன்னதும் நான்தான். வெல்லத்துல துத்தம் போட்டது நான்தாங்க.”

அவர் காலண்டரைக் கீழே வைத்தார்.

“அப்ப நிறுத்தறதுன்னா உன்னத்தான்யா நிறுத்தணும்.”

“ஆமாங்க” என்றேன்.